விலாங்குக்கு வேலி

தாம்பரம் ரயில் நிலையக் கழிப்பறைகளை ஒன்பது வருஷம் கழுவியவள் எல்லம்மா. ஒரு நாள்கூட முந்தானையால் மூக்கைப் பொத்தியதில்லை. மனுஷன் கழித்ததை மனுஷி கழுவுவதில் என்ன கூச்சம் என்பாள். ஆனால் விலாங்கு மீனைப் பார்த்தால் மட்டும் அவளுக்குக் குமட்டும். பாம்பு மாதிரி நெளியும், உடம்பெல்லாம் சளி, கையில் பட்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வழவழப்பு. அப்படிப்பட்டவளுக்குத்தான் முடிச்சூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் விலாங்கைக் காக்கும் வேலை வாய்த்தது.

காக்கும் வேலை என்று பேர்தான். விடிந்ததும் நடைபாதையைப் பெருக்க வேண்டும், தண்ணீரில் மிதப்பதை நீளக் கொம்பில் கட்டிய வலையால் அள்ள வேண்டும். பிரியாணி டப்பா, குழந்தை கழித்த பேம்பர்ஸ், சாமிக்குப் போட்ட மாலை, சில நாள் சாமி படமே மிதக்கும். இதையெல்லாம் வீசுகிறவர்கள்தான் சாயங்காலம் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு அதே ஏரியைச் சுற்றி நடப்பார்கள். நாற்றம் அடிக்கிறதென்று அவளையே முறைப்பார்கள். அவர்கள் தாண்டிப் போனதும் எல்லம்மா காறித் துப்புவாள். அதற்குமேல் வாய் திறக்க முடியாது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், இவளுக்குச் சோறு போடுவது இந்த ஒரு வேலைதான்.

வேலை கொடுத்தவர் ஜீவானந்தம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர். அழிந்துவரும் விலாங்கு தம் ஏரியில் இருக்கிறதென்று தெரிந்த நாளிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பலகை வைத்தார். அதில் விலாங்கின் படத்தைவிடத் தம் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார். மழையில் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடையாற்றுக்கு வழிந்தோடுகிற கலங்கலுக்குக் குறுக்கே கம்பிவலையும் அடித்தார்.

“நம்ம மீன் வெளிய போய் எவன் குழம்புலயோ கொதிக்கணுமா? இங்கேயே சேஃபா இருக்கட்டும்” என்றார்.

வாரம் ஒருமுறை ஏரிக்கு வரும் ஆராய்ச்சி மாணவி ஜோவிதா வலையை எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தாள், எழுதியும் கொடுத்தாள். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் டீக்கடையில் எல்லம்மாவிடம் புலம்பினாள்.

“அக்கா, இந்த மீன் கடல்ல பொறந்து, குஞ்சா இருக்கும்போதே ஆத்துல ஏறி இவ்ளோ தூரம் வருது. இங்க பல வருஷம் வளந்துட்டு, முட்டை போடத் திரும்பக் கடலுக்குத்தான் போகும். வேற எங்கயும் போடாது. அடையாறு வருஷம் பூரா சாக்கடை. பெருமழைல அலசிக்கிட்டு ஓடுற அந்த நாலு நாள்தான் இதுக்கு வழி. அப்ப வலை இருந்தா அவ்ளோதான்.”

“அந்தக் கருமத்த போவ வுடாம இவரு இன்னாத்துக்குக் கட்டி வெச்சிகினு கீறாரு?”

“பாதுகாக்கிறாராம்.”

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலை எல்லம்மா கலங்கல் பக்கம் போனாள். வலை முழுக்க விலாங்குகள். கம்பிக் கண்களில் மூக்கை நுழைத்து முட்டின, தோல் கிழிந்து உள்சதை வெளுத்துத் தெரிந்தும் மறுபடி முட்டின. அடியில் செத்துக் கிடந்தவை ஊதத் தொடங்கியிருந்தன. எல்லாம் சளியும் ரத்தமுமாக ஒன்றன்மேல் ஒன்று. எல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, குடித்த டீயை அப்படியே வாந்தியெடுத்தாள்.

ஜீவானந்தம் குடைக்குள் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். “பாத்தியா எல்லம்மா, எவ்ளோ பெருகிடுச்சு! எல்லாம் நம்ம மெயின்டெனன்ஸ்.”

“சார், அதுங்க சாவுது சார். வலைய எடுத்துருங்க.”

“ஞாயித்துக்கிழமை அவார்டு குடுக்க வர்றாங்கம்மா. காட்டறதுக்கு மீன் வேணாமா? செத்தத மட்டும் பையில அள்ளிப் பொதச்சிடு. நாத்தம் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு, டிபன் சாப்பிடப் போனார்.

எல்லம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கழிப்பறை அழுக்கு ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். இந்த ஆளை எதை ஊற்றிக் கழுவுவது? கருவி அறையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். மேலே தெரிகிற வலையைத் தொடவில்லை. தண்ணீருக்கடியில் கை விட்டுத் தடவி, கட்டுக்கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசிக் கம்பி அறுந்ததும் விலாங்குகள் வழவழவென்று அவள் தொடைகளுக்கு நடுவே புகுந்து போயின. கரையேறிய பிறகு இன்னொரு முறை வாந்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பந்தல், மைக், பொன்னாடை. விருந்தினராக வந்த அதிகாரி தண்ணீரை எட்டிப் பார்த்து மீன் எங்கே என்று கேட்டார். அடியில் ஓய்வெடுக்கிறது என்றார் ஜீவானந்தம், கூசாமல். அதிகாரி மேடையேறி, இந்தக் கம்பிவலை அருமையான யோசனை என்றும், சுற்றுவட்டார ஏரிகள் எல்லாவற்றிலும் கெட்டியான இரும்புக் கிராதியாகவே போட்டுவிடலாம் என்றும் அறிவித்தார். கைதட்டல். அடுத்து, ஏரியைக் காக்கும் எளிய தொழிலாளி என்று எல்லம்மாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

நன்றி என்று சொல்லி இறங்கியிருந்தால் வேலை பிழைத்திருக்கும். எல்லம்மா மைக்கைப் பிடித்தாள்.

“ஏரில மீனே இல்ல சார். வலைய அடியில நான்தான் அறுத்து வுட்டேன். அது கடலாண்ட போனாத்தான் முட்டை போடுமாம். போவ வுடாம கட்டி வெச்சி இவரு சாவடிச்சாரு. செத்தத பொதச்சது நானு. தோண்டிக் காட்டட்டுமா? எல்லா ஏரிலயும் இரும்பு போட்டா எல்லா எடத்துலயும் இதே நாத்தம்தான்.”

சரியாகக் காதில் விழாத பின்வரிசை பழக்கதோஷத்தில் கைதட்டியது. முன்வரிசை தட்டவில்லை. அதிகாரி கலங்கலுக்கு நடந்துபோய் வலையை ஒரு இழு இழுத்தார். அடியில் கட்டே இல்லாமல் அது கையோடு மேலே வந்தது. இரும்பு விஷயத்தை யோசிக்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு, விருதையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

“நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத” என்றார் ஜீவானந்தம், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லம்மா பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஜோவிதா ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, மொத்தம் எத்தனை போச்சு? ரிப்போர்ட்ல எழுதணும்.”

“யாரு எண்ணுனா? கண்ண இறுக்க மூடிகினு இல்ல வுட்டேன். உவ்வே!”