கம்ப்யூட்டருக்குச் சம்பந்தி தைத்த சட்டை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேம் சென்டரில் கார் ரேஸ் போட்டி. கடைசிச் சுற்று. முன்னால் போன கார் எல்லைக் கோட்டைத் தொட இன்னும் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி... பொட்டென்று கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

கரண்ட் இருக்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. பக்கத்து மிஷின்கள் ஓடுகின்றன. இது மட்டும் கண்ணை மூடிக்கொண்டது.

ஏன் மூடியது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான். ஆனால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் — வாயைத் திறக்க முடியாமல்! வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இதைவிட அதிசயம் வேண்டுமா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் பாதிதான். கிளீனராக லாரியில் ஏறியவன், இன்றைக்கு மூன்று லாரிக்கு ஓனர். கோவில்பட்டியில் என்னைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை... சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சும்மா வந்ததா என்ன?

என் மருமகள் செல்வி புதியம்புத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சும்மா கிடக்கிற நம் கடையில் கேம் சென்டர் போடட்டுமா என்று கேட்டாள். என் மகன் திருதிருவென்று விழித்தான். நான் யோசிக்கவே இல்லை. போடு தாயி என்று சொல்லிவிட்டேன். லாரி வாங்கும்போது எனக்கு மட்டும் யார் யோசித்துச் சொன்னார்கள்?

செல்வியின் அப்பா தங்கராசு, ஊரில் ரெடிமேட் தையல் யூனிட் வைத்திருக்கிறார். திறப்பு விழா அன்று சீர் கொண்டு வந்தார். ஒரு தாம்பாளத்தில் பழம், ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு தாம்பாளத்தில்... கம்ப்யூட்டர்களுக்குச் சட்டை!

டிவிக்கு உறை போடுவோமே, அது மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இது அளவெடுத்துத் தைத்தது. ஆகாய நீல சாட்டின். உள்ளே கெட்டியான லைனிங். ஓரமெல்லாம் வெள்ளை லேஸ். பவர் பட்டனுக்கும் சிடி போடுகிற இடத்துக்கும் காஜா அடித்துத் திறப்பு விட்டிருந்தார். பின்னால் ஒயர் வருகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பிளவு. பாக்கி எல்லாம் பத்திரமாக மூடியிருந்தது.

“கரிசக்காட்டுப் புழுதி ஒரு பொட்டு உள்ள போகாது அண்ணாச்சி” என்றார் சம்பந்தி.

போட்டுப் பார்த்தால், ஆறு மிஷினும் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி நின்றன. நான் சும்மா இருப்பேனா? வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, எங்கள் சம்பந்தி வேலை என்று காட்டினேன்.

தை, மாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறியது. பள்ளிக்கூட லீவும் வந்தது. பையன்கள் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது இல்லை. அப்போதுதான் ஒவ்வொரு மிஷினாக அணைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஓடும். ஆட்டம் சூடு பிடித்ததும் மறுபடி பொட்டென்று போய்விடும்.

கரண்ட் கோளாறு என்றார்கள். ஸ்டெபிலைசர் போட்டோம். அணைந்தது. மதுரையிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். உள்ளே சூடு எல்லை மீறினால் மிஷின் தானே அணைந்துகொள்ளும், பிராசஸருக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிற அலுமினியக் கட்டைக்கும் நடுவில் தடவிய பசை காய்ந்துவிட்டது என்றார். வழித்து எடுத்துப் புதுப் பசை தடவினார். நல்ல மனுஷன், நல்ல வேலை. அவர் பஸ் ஏறின பிறகு அணைந்தது.

என்னை மிஞ்சின மெக்கானிக்கா என்று ஒரு மிஷினைத் தூக்கி என் லாரி ஷெட்டுக்குக் கொண்டு போனேன். டயருக்குக் காற்றடிக்கிற குழாயால் உள்ளே ஊதினோம். செல்வி ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் ஃபேன் கெட்டுப்போகும் என்றாள். கொஞ்சம் புழுதி வந்தது. பிறகு அங்கேயே ஒயரை மாட்டி ஆடவிட்டோம். மேலே தகரக் கூரை, வெளியே சித்திரை வெயில். மத்தியானம் தொடங்கிய ஆட்டம் விளக்கு வைக்கிற நேரம் வரை ஓடியது. அணையவே இல்லை.

திரும்பக் கடைக்குக் கொண்டு போய், சட்டையை மாட்டி, நிழலில் ஃபேனுக்குக் கீழே வைத்தோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அணைந்துவிட்டது.

தகரக் கொட்டகையில் ஓடுகிற மிஷின் நிழலில் ஏன் அணைய வேண்டும்?

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மார்கழிக் குளிரில் வடக்கே லாரி ஓட்டிப் போனால், இன்ஜின் சூடு ஆறாமல் இருக்க ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கு கட்டுவோம். வெயில் வந்த பிறகு அவிழ்க்க மறந்தால் தண்ணீர் கொதித்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். இங்கே சாக்குக்குப் பதில் சாட்டின். அவ்வளவுதான் வித்தியாசம்.

விளங்கி என்ன செய்ய? அது பெண் வீட்டுச் சீர். கழற்றிப் போட்டால் கம்ப்யூட்டருக்கு நல்லது. சம்பந்திக்கு? ‘எங்கப்பா கொடுத்ததைக் கழற்றிப் போட்டுட்டாவ’ என்று அந்தப் பெண்ணின் மனசு நோகாதா? எத்தனையோ செக்போஸ்ட்டில் எத்தனையோ பேரிடம் பேசி ஜெயித்தவன், ஒரு லேஸ் வைத்த துணியிடம் தோற்று நின்றேன்.

இதற்குள் செல்வி ஊரெல்லாம் போட்டி அறிவித்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் ஏசி வைத்த புதுக் கேம் சென்டர் ஒன்று வந்து, பையன்கள் அங்கே நகர ஆரம்பித்திருந்தார்கள். இந்தப் போட்டியில் மிஷின்கள் ஒழுங்காக ஓடவில்லை என்றால் மூடிவிட்டு வீட்டோடு இருந்துவிடுகிறேன் மாமா என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு சரியில்லை.

போட்டிக்கு முந்தின நாள் காலை. யாரும் வருவதற்கு முன்னால், சட்டைகளின் பின்பக்கத்தை மட்டும் வேட்டி மாதிரி மடித்துக் கட்டிவிடலாம் என்று கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து பார்த்தால்... செல்வி தரையில் உட்கார்ந்து, சேஃப்டி பின் குத்தி அதே சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்!

என்னைப் பார்த்ததும் படக்கென்று கீழே இழுத்துவிட்டாள்.

“உனக்கும் தெரியுமா தாயி?”

“அந்த மதுரைக்காரர் போன அன்னைக்கே தெரியும் மாமா. நீங்கதான் வாற ஆளுககிட்டயெல்லாம் அந்தச் சட்டையக் காட்டிப் பெருமைப்படுதீங்களே... நான் எப்படிச் சொல்லுவேன்?”

நான் அவளுக்காக, அவள் எனக்காக. நடுவில் ஆறு கம்ப்யூட்டர் வெந்துகொண்டிருந்திருக்கிறது! சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே மடித்துக் குத்தினோம். சம்பந்திக்கு அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு.

சம்பந்தியோ போட்டியன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது சுருட்டி வைத்த சட்டைகள். பையன்கள் வேலை என்று நினைத்தாரோ என்னவோ, நாங்கள் வாசலில் கூட்டத்தை ஒழுங்கு பண்ணுகிற நேரத்தில், ஒவ்வொரு பின்னாகக் கழற்றி, கீழே இழுத்துவிட்டு, சுருக்கத்தையும் கையால் நீவிவிட்டிருக்கிறார். நாங்கள் உள்ளே வரும்போது ஆட்டம் பாதி போய்விட்டது. நடுவில் நிறுத்த முடியுமா?

அப்புறம் நடந்ததுதான் மேலே சொன்ன பொட்டென்று.

ஜெயிக்க இருந்த பையன் கீபோர்டை விட்டுவிட்டு, “அக்கா, காருக்கு பெட்ரோல் தீந்துட்டு போல” என்றான். கூட்டம் சிரித்தது. ஏசி சென்டருக்கே போயிருக்கலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

செல்விதான் பேசினாள்.

“அப்பா, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க தச்ச சட்டதான் அதுக்கு மூச்சு முட்டுது.”

சம்பந்தி எழுந்தார். சட்டைக்குள் கையை விட்டார். சுரீரென்று உதறி எடுத்தார்.

“இஸ்திரிப்பெட்டி மாதிரில்லா இருக்கு.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கும் தெரியுமா அண்ணாச்சி?”

சீர் ஆச்சே, எப்படிச் சொல்லுவது என்று இழுத்தேன். மனுஷன் கோபப்படுவார் என்று பார்த்தால், தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

“ஏன் அண்ணாச்சி, நான் தையக்காரன். தச்சது இறுக்குதுன்னா பிரிச்சுத் தச்சுக் குடுக்கப் போறேன். சொல்லாம மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா எனக்கு எப்படித் தெரியும்?”

செல்வியிடம் கத்திரிக்கோலை வாங்கினார். காற்று எந்தப் பக்கம் உள்ளே போகும், எந்தப் பக்கம் வெளியே வரும் என்று கேட்டார். பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு காட்டினார்கள். மாப்பிள்ளைக்கு அளவெடுக்கிற மாதிரி இன்ச் டேப்பைப் பிடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, பக்கத்திலும் பின்னாலும் சரக் சரக்கென்று ஜன்னல் வெட்டினார். அடுத்த வாரம் அந்த இடத்தில் கொசுவலைத் துணி வைத்துத் தருகிறேன், புழுதியும் போகாது, காற்றும் நிற்காது என்றார்.

கடைசிச் சுற்றை மறுபடி ஓட்டினோம். ஓடியது. அதே பையன் ஜெயித்தான். அதற்குப் பிறகும் வீட்டுக்குப் போக ஒருத்தனுக்கும் மனசில்லை. பின்னாலிருந்து குரல் கொடுத்தவன்தான் அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆளாக உட்கார்ந்தான். செல்வியின் சிரிப்பு இப்போது சரியாக இருந்தது.

அன்புக்காக வாயை மூடிக்கொள்கிறோம். அந்த அன்பே உள்ளே சூடாகி எதையாவது அணைத்துவிடுகிறது. எத்தனை வீட்டில் எத்தனை காரியம் இப்படி நடுவில் நின்று போயிருக்கும்?

இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நீங்க போட்டிருக்கது பொங்கலுக்கு நான் தச்சுக் குடுத்த சட்டைல்லா? கக்கத்துல இறுக்குதா?”

அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வழியாகப் பனியனோடு வீட்டுக்கு நடந்தேன் — நல்ல காற்று!