ஜோசஃபின் கட்டிய பாடிகள்

காலையில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி சுபாங் ஜெயா ஆபீசுக்குப் போகிற ஜோசஃபின் போனில் பேச ஆரம்பித்தால் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. "மொத்தம் பதினொரு பாடி. ஒன்பதைக் கட்டியாச்சு. மிச்சம் ரெண்டையும் தரையோட கட்ட மறந்துட்டேன், அதான் விழுந்துகிட்டே இருக்கு லா" என்று ஒருநாள் சாவகாசமாகச் சொன்னாள். பக்கத்திலிருந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்.

பாடி என்றால் பிணம் இல்லை. அவள் வேலை செய்யும் மென்பொருளில் இயந்திரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதுதான் பெயர். உறுப்புகளை மூட்டுப் போட்டுக் கோத்து, எடையைச் சொல்லி, எது எதைத் தள்ளுகிறது என்றும் சொல்லி ஓடவிட்டால், இன்னும் இரும்பே வெட்டாத இயந்திரம் திரையில் அசையும். எந்த மூட்டில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதையும் கணக்காகக் காட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பெண் அவள். படிப்பு முடித்ததிலிருந்து டிராஃப்டிங், அதாவது வரைபடம் போடும் வேலைதான். யாரோ யோசிப்பார்கள், இவள் கோடு போட்டுக் கொடுப்பாள். நாற்பது தாண்டிய பிறகுதான், கோடு போட்டது போதும், இனி நானும் யோசிக்கிறேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து இந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டாள். கணவர் சிரில் சமையலறைப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பாவம், அந்த வருஷம் முழுவதும் வீட்டில் சார்டின் சம்பல்தான்.

முதலாளி கமலநாதன் ஒரு வருஷத்துக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார். தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த அவர்களுடைய பட்டறையில் அந்த மென்பொருளுக்கு 'கார்ட்டூன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர் பட்டறைத் தலைவர் வேலாயுதம்.

அந்த வருஷம் முடியப்போகிற நேரத்தில் பண்டமாரானிலிருந்து புகார் வந்தது. அங்கே ஒரு தானியக் கிடங்குக்கு இவர்கள் செய்து கொடுத்த மேடை, கண்டெய்னரை அப்படியே தூக்கிச் சாய்த்து மக்காச்சோளத்தைக் கொட்டும். முன்பக்கம் எண்ணெய் அழுத்தத்தில் நீளும் இரண்டு ஜாக்கிகள் தூக்கும். பின்பக்கம் இடதிலும் வலதிலும், கீல் ஆணி மாதிரியான இரண்டு பெரிய இரும்புப் பின்களில் மேடை திரும்பும். இடது பின் மட்டும் உடைந்தது. மாற்றினார்கள். மறுபடியும் உடைந்தது.

"உங்க சாஃப்ட்வேர் இதுக்குப் பதில் சொல்லட்டும்," என்றார் கமலநாதன். "சொல்லலன்னா லைசென்ஸ் வேணாம் லா. நீங்க பழையபடி டிராயிங் பாருங்க."

சம்பளம் குறையப்போவதில்லை. ஆனால் மறுபடியும் அந்தக் கோடு போடுகிற நாற்காலியில் போய் உட்கார ஜோசஃபினுக்கு மனமில்லை.

மாதிரியைக் கட்டி ஓடவிட்டாள். இடது பின்னில் முழுப் பாரம், வலது பின்னில் பூஜ்யம். துள்ளிக் குதித்து பட்டறைக்கே போய்ச் சொன்னாள். கமலநாதன் முகம் மலர்ந்தது. வேலாயுதம் மட்டும் தாடையைத் தடவினார்.

"வலது பக்கம் ஒன்னுமே இல்லன்னா, அந்தப் பின்னைக் கழட்டிடலாமா அக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசஃபினும் சிரித்துவைத்தாள். ஆனால் ரயிலில் அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், அவள் கண்டுகொள்ளாமல் மூடிவிட்ட எச்சரிக்கை ஒன்று அங்கேயே இருந்தது. கணக்கைப் பொறுத்தவரை ஒரு கதவு திரும்ப ஒரு கீலே போதும், இரண்டாவது உபரி. மென்பொருள் வலது பின்னைத் தானாகவே தூக்கி எறிந்துவிட்டு, எல்லாப் பாரத்தையும் இடது பின்னின் தலையில் கட்டியிருந்தது. உடைந்தது இடது பின் என்பதால் தப்பான விடையும் சரியாகத் தெரிந்தது.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முதலாளிக்கு அந்த விடை பிடித்தும் இருந்தது. சிரில்கூட, "இப்போதைக்கு வாயை மூடிகிட்டு இரேன் ஜோசி," என்றார். அவளால் முடியவில்லை. மறுநாள் எல்லோர் முன்னாலும், "நான் சொன்னது தப்பு," என்றாள். கமலநாதனின் முகம் தொங்கிப்போனது. 

பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. பின்கள் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும்படி மாதிரியை மாற்றினாள். பாரம் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. அப்படியானால் இடது ஏன் உடைகிறது? அவள் ஜாக்கியை ஒரே குழாயாக நினைத்துக் கட்டியிருந்தாள். உண்மையில் அது மண் கொட்டும் லோரியின் ஜாக்கி மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்காக நீளும். இடது ஜாக்கிக்கு எண்ணெய்க் குழாய் நீளம், எண்ணெய் தாமதமாகப் போகும். அடுக்கையும் தாமதத்தையும் சேர்த்து ஓடவிட்டாள். வலது ஜாக்கி இரண்டாவது அடுக்குக்கு மாறிவிட, இடது ஜாக்கி கண் இமைக்கும் நேரம் பின்தங்கியது. மேடை முறுக்கிக்கொண்டு உதறியது. அந்த உதறலின் முழு அடியும் இடது பின்னில்!

நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று ஆடினாள். சிரில் பயந்தே போனார்.

அவள் சொன்ன உதறலை நேரில் பார்க்கப் பண்டமாரானில் எல்லோரும் கூடினார்கள். கமலநாதன், வேலாயுதம், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் தங்கமணி. புதுப் பின் போட்ட மேடை, சோளம் நிறைந்த கண்டெய்னரோடு எழுந்தது. வழுவழுவென்றுதான் எழுந்தது.

"எங்க உதறுது?" என்றார் வேலாயுதம்.

ஜோசஃபின் ஜாக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். "இப்போ!" என்று கத்தினாள்.

மேடை 'டக்'கென்று உதறியது. சோளத்தூசி கிளம்பி எல்லோர் தலையிலும் கொட்டியது. வேலாயுதம் அவளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். "இறக்கிட்டு இன்னொரு தரம் ஏத்துங்க," என்றார். இன்னொரு தரம் ஏறியது. "இப்போ!" அதே இடம், அதே உதறல். கமலநாதன் ஒதுங்கிப் போய் லைசென்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார்.

அடுத்த வாரமே வேலாயுதம் தன் கையாலேயே குழாய்களைச் சம நீளத்துக்கு மாற்றினார். இரண்டு ஜாக்கிகளையும் சேர்த்துப் பிடிக்க ஜோசஃபின் கணக்குப் போட்டுக் கொடுத்த தடித்த இரும்பு உருளையையும் குறுக்கே வைத்தார். "வெல்டிங் எங்க நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க அக்கா," என்று அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுபடியும் கண்டெய்னர் ஏறியது. மேடை எழுந்தது. அந்த இடம் வந்ததும் எல்லோரும் கையால் தலையை மூடிக்கொண்டார்கள். ஜாக்கிகள் இரண்டும் ஒன்றாக அடுக்கு மாறின. மேடை சீராக மேலே போய்க்கொண்டே இருந்தது. சோளம் மஞ்சளாகச் சரிந்து கொட்டியது.

தங்கமணி ஏமாந்த முகத்தோடு திரும்பினார். "இத்தனை நாளா என்னம்மா செஞ்சீங்க? ஒன்னுமே ஆகலையே!"

"அதைத்தாண்ணே செஞ்சிருக்கேன்," என்றாள் ஜோசஃபின்.