கருவேலங்காடு வெட்டிய முகாம்

கல்லூரியில் மாணவர் சேவை முகாம் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆசிரியர் கூட்டத்துக்கு ஒருநாள் வராமல் இருந்தால் அது தானாக வந்து சேரும். எனக்கு அப்படித்தான் வந்தது. வருஷத்துக்கு ஏழு நாள், ஐம்பது பிள்ளைகள், ஒரு கிராமம். இந்தப் பாடு பட்டவர்கள் மேலே படிக்கவே வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

முதல் நாள்

நரிக்குடிப் பக்கம் ஒரு ஊர். பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டு வாய்க்கால் தூர்வாரினோம். எல்லாம் அருப்புக்கோட்டை டவுனில் வளர்ந்த பிள்ளைகள். அரைமணி நேரத்தில் கையில் கொப்புளம், அதற்கப்புறம் கொப்புளத்தோடு செல்ஃபி. ஆடு பத்திக்கொண்டு போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

“ஏன் சார், மம்பட்டி புடிக்க ஒரு ஆளு, அதப் போட்டோ புடிக்க நாலு ஆளா?”

காடு போனது

ஊர்த்தலைவர் ஒரு வேலை சொன்னார். கண்மாய்க் கரைக்குப் பின்னால் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது, அதை ஒழித்துத் தந்தால் புண்ணியம் என்றார். பிள்ளைகளுக்கு வேகம் வந்துவிட்டது. இரண்டு நாள், முள் குத்தாத கால் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அங்கே ஒரு தூர்கூட மிச்சமில்லை. இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒரு வேலை செய்தோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலைவருக்கும் சந்தோஷம்.

“இங்கன நின்னு பாத்தா ரோடு வரைக்கும் தெரியுது சார்!”

அடுப்பு எரியாத காலை

மறுநாள் காலையில் எங்களுக்குச் சமைக்கும் முத்துலட்சுமி அக்கா அடுப்புப் பற்றவைக்கவில்லை. நாலைந்து பெண்களோடு வாசலில் நின்றார். என்ன என்று கேட்டேன். அவர் என்னிடம் பேசாமல், மூன்றாமாண்டு மாணவி கவிதாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கவிதா தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். “சார், நாம வெட்டினது பொம்பளைங்க ஒதுங்குற எடமாம். இந்த ஊருல வேற மறைவு இல்லையாம்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் மாணவிகளுக்குப் பள்ளிக்கூடக் கழிப்பறை இருந்தது. அதனால் எங்களில் ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை. கழிப்பறைச் சாவியை அக்காவிடமே கொடுத்தேன். முகாம் முடிந்தால் அதையும் பூட்டிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இப்போது நேராகவே கேட்டார்.

“எம் மக தலப்பிரசவத்துக்கு வந்திருக்கா சார். நெறமாசக்காரி, நாளப்பின்ன எங்கிட்டுப் போவா?”

குழி

அக்கா வீட்டில் கழிப்பறை இருக்கத்தான் செய்தது. சுவர், கதவு, பீங்கான் எல்லாம் உண்டு. குழிதான் இல்லை. உள்ளே விறகு அடுக்கியிருந்தார்கள். அந்தத் தெருவில் பல வீட்டில் இதே கதைதான்.

அன்றைக்கு வைத்திருந்த மரம் நடும் விழாவைத் தள்ளிவைத்துவிட்டு அக்கா வீட்டுக்குக் குழி தோண்டினோம். மேலே ரெண்டடி மண், அதற்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை போட்டால் கைதான் அதிர்ந்தது. தலைவர் வெட்கப்பட்டுப்போய்த் திருச்சுழியிலிருந்து குழிக்குள் அடுக்கும் சிமெண்ட் உறைகளை வரவழைத்தார். ஏழாம் நாள் மத்தியானம் உறை இறக்கிக் குழாய் பொருத்தி, பானை பானையாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் தங்காமல் போனது. அக்காவின் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள். தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

பஸ் கிளம்பும்போது அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்கு எப்ப சார் வாரீக?”

கல்லூரிக்கு வந்து அறிக்கைப் படிவத்தில் ‘அகற்றிய முட்புதர்’ என்ற கட்டத்தைப் பெரிய எழுத்தில் நிரப்பினேன். அது யாருக்கு மறைவாக இருந்தது என்று எழுத அதில் கட்டமே இல்லை.