பதினோரு அடுக்குப் பாவாடையுடன் ஒரு சனிக்கிழமை

காலை 8.05. ஷார்ஜா ரோலாவில் என் மகள் வீட்டிலிருந்து கிளம்பினேன். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், மூன்று வேளை மாத்திரைகள், முகவரி எழுதிய சீட்டு இரண்டு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும். வேலை சின்னதுதான். பதினான்கு வயதுப் பேத்தி யாழினி அன்று மாலை நாலு மணிக்கு பர் துபாயில் ஒரு பள்ளி அரங்கில் தனியாக பாலே ஆடுகிறாள். ஒத்திகைக்கு அவள் விடியும்போதே போய்விட்டாள். அவளுடைய பாவாடை அல் கூஸில் ஒரு தையல்கூடத்தில் தயாராக இருந்தது. மகளுக்கு மருத்துவமனை டூட்டி, மருமகன் சைட்டில். மிச்சம் இருந்தது நான்.

"வாங்கிட்டு நேரா ஹாலுக்கு வந்துடுங்கப்பா. எதையும் நோண்டாதீங்க" என்றாள் மகள்.

பேருந்து நிலையத்துக்கு 840 அடி நடை. துபாய்க்கு 12 திர்ஹாம். பிறகு மெட்ரோ, பெட்டியில் என்னையும் சேர்த்து 41 பேர், அதில் 17 பேர் நின்றுகொண்டு வந்தார்கள். இறங்கி டாக்சி, 19 திர்ஹாம். குளிர்சாதனக் காற்று மூன்று வண்டியிலும் நேராக என் பிடரியில்தான் அடித்தது.

9.50. அல் கூஸில் அந்தத் தையல்கூடத்துக்கு இடப்பக்கம் டயர் கிடங்கு, வலப்பக்கம் பளிங்குக்கல் அறுக்கும் பட்டறை. வெளியே நின்றால் காதும் மூக்கும் தாங்காது. இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் வெள்ளை வலைத்துணி. ஒன்பது இயந்திரங்கள், ஏழு ஆட்கள். விட்டத்திலிருந்து 23 பாவாடைகள் தலைகீழாகத் தொங்கின. நேராக மாட்டினால் நாளடைவில் விளிம்பு தொய்ந்துவிடுமாம்.

எங்கள் பாவாடையைத் தைத்தவர் முனியசாமி. முதுகுளத்தூர்ப் பக்கம், வயது 45. இங்கே வந்து ஆறு வருடம்.

"இது மாதிரி எத்தனை தைத்திருப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"எண்ணலைய்யா."

ஆறு வருடமாக எண்ணாமல் வேலை செய்யும் மனிதரை நான் பார்த்ததில்லை. நான் ரயில்வே சரக்கறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன்.

சுவரில் நான்கு படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கீழே ஆங்கிலத்தில் குறிப்பு. நான்கையும் படித்தேன். முதல் படத்தில் பாவாடை கெண்டைக்கால் வரை மணி போல இறங்கியிருக்கிறது. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் பாரிஸில், கால்விரல் நுனியில் நின்று ஆடிய ஒரு பெண்ணுக்குத் தைத்த முறை அது. அவள் பாதம் செய்யும் வேலை சபைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவுக்காவது விளிம்பை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாவது படத்தில் எரிவாயு விளக்குகள். மெல்லிய துணியில் தீப்பிடித்து ஆடுகிறவர்கள் இறந்திருக்கிறார்கள். தீப்பிடிக்காத மருந்தில் துணியை முக்கலாம். ஆனால் துணி விறைத்து நிறம் மங்கும் என்று சில பெண்கள் மறுத்துவிட்டார்களாம். அந்தப் படத்தின் முன் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன். மூன்றாவதில் இத்தாலியிலிருந்து வந்த பெண்கள் பம்பரமாகச் சுழலத் தொடங்க, பாவாடை முழங்காலுக்கு மேலே போய்விட்டது. நான்காவதில் உள்ளே கம்பி வளையம் வைத்து, இடுப்பைச் சுற்றித் தாம்பாளம் போல நிற்கிறது. யாழினியுடையதும் இந்த வகைதான்.

முனியசாமி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "காலுக்கு வேல கூடக்கூட பாவாட ஏறிருச்சு. வயல்ல எறங்குனா நாம வேட்டிய மடிச்சுக் கட்டுறமே, அதே கததேன்."

நான் படித்த நான்கு குறிப்புகளும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

"இதைப் போட்டுக்கொண்டு ஆடுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?"

"போன்லதேன் பாத்துருக்கேன். அதுல ஒரு எழவும் தெரியலைய்யா. ஆடி முடிச்சுப் புள்ள சட்டுன்னு நிக்கிறப்ப பாவாட லேசா நடுங்கும், பெறகு அடங்கணும். அடங்காம அலஞ்சுச்சுன்னா தச்சவன் சரியில்லன்னு அர்த்தம். நான் தச்சது அடங்குதா, அலையுதா? அதத்தேன் ஒரு தடவயாச்சும் கண்ணால பாக்கணும். பாவாட மாட்டிப் பாக்குற இந்த மரப்பொம்ம ஆடாதுல்ல?"

10.25. வட்டமான பெரிய பையில் பாவாடையைக் கவிழ்த்து வைத்துக் கொடுத்தார். ரசீதில் "11 அடுக்கு" என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

எண்ணாமல் போட்டேன். அது என்னை அரித்தது. டாக்சிக்குக் காத்திருந்தபோது எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனேன். டீ ஒன்றரை திர்ஹாம். மேசையை என் கைக்குட்டையால் இருமுறை துடைத்து, பையைத் திறந்து அடுக்குகளை எண்ணினேன். பத்துதான் வந்தது. வலை ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால், ஒவ்வொரு அடுக்கையும் விரலால் இழுத்துப் பிரித்து மறுபடி எண்ணினேன். பதினொன்று. நிம்மதியாக டீயைக் குடித்துவிட்டுப் பார்த்தால், தாம்பாளத்தின் ஒரு பக்கம் மழையில் நனைந்த காக்கைச் சிறகு போலத் தொங்குகிறது.

11.05. மீண்டும் தையல்கூடம். முனியசாமி பையைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னய்யா இப்பிடிப் பண்ணிப்புட்டீக! அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல லூசா ஒரு கைத்தையல் ஓடும். அதுதேன் இத நிப்பாட்டி வச்சிருக்கு. முழுக்க அத்துப்போச்சு."

"எண்ணத்தான் செய்தேன்."

"கோழிய அறுத்தா முட்டைய எண்ணுவாக?"

பின்னால் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். அறுந்த இடங்கள் 37. அதையும் நான்தான் எண்ணினேன்.

அவர் கையில் அவசர வேலை ஒன்று இருந்தது. அதை முடித்து 12.30க்குத்தான் எங்கள் பாவாடையைத் தொட முடிந்தது. நூலை இழுத்துக் கட்டினால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அதிகம் தளர்த்தினால் தொங்கும். ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் சுண்டுவிரலை வைத்து அளவு பார்த்தார். அந்த விரலை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்த இடமெல்லாம் ஒரே தளர்வு. எங்கள் சரக்கறையில் அளவுகோல் வைத்து வேலை செய்தவர்களிடமே நான் அதைப் பார்த்ததில்லை. அன்று தையல்கூடத்தில் அரை நாள் வேலைதான். ஒன்றேகாலுக்கு, அவர்களைத் தங்குமிடத்துக்குக் கூட்டிப்போகும் கேம்ப் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் தலை நிமிரவில்லை. பஸ் போய்விட்டது.

2.10. இன்னும் ஒன்பது இடம் பாக்கி. "யல்லா, வண்டியில தச்சுக்கிருவோம்" என்று பாவாடையைத் தூக்கிக்கொண்டார். டாக்சியின் பின் இருக்கையில் அது எங்கள் இருவர் மடியையும் அடைத்தது. கண்ணாடியில் பார்த்த பெஷாவர்க்கார ஓட்டுநர், "க்யா ஹை பாய், சத்ரி?" என்று குடையா எனக் கேட்டார்.

"சத்ரி நஹி பாய், கப்டா. ஆஹிஸ்தா சலோ, சுயி ஹை!" என்றார் முனியசாமி. ஊசி என்றதும் ஓட்டுநர் மெதுவாகப் போனார். 34 திர்ஹாம்.

2.50. அரங்கின் நடைபாதையில் தரையில் உட்கார்ந்து கடைசித் தையலை முடித்தார். யாழினி போட்டுக்கொண்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"தாத்தா, அம்மா சொன்னாங்கல்ல, டோன்ட் டச்னு?" என்றாள். பிறகு முனியசாமியிடம், "தேங்க் யூ அங்கிள். இட்ஸ் பெர்ஃபெக்ட்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். கதவருகில் காவலர், "டிக்கெட் மாஃபி, என்ட்ரி மாஃபி" என்று யாரையோ திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இரண்டே டிக்கெட். டூட்டி முடித்து நேராக வரும் மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"அப்ப வர்றேங்கய்யா" என்றார் முனியசாமி.

என் டிக்கெட்டை நீட்டினேன். எட்டாவது வரிசை, 17ஆம் எண்.

"பேத்தி ஆடுறத நீங்க பாக்காம? வேணாம்யா."

"எனக்கு ஏசி ஆகாது" என்றேன். அது பாதி உண்மை. மேடை நடுவில் அந்தப் பாவாடை ஒரு பக்கம் தொங்கிவிட்டால், அதை உட்கார்ந்து பார்க்கும் தைரியம் எனக்கில்லை என்பது மீதி.

4.00 முதல் 5.45 வரை வெளியே ஒரு பேரீச்சை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து கைதட்டல் பதினான்கு முறை கேட்டது. அதில் எது யாழினிக்கு என்று தெரியவில்லை.

கதவு திறந்ததும் முதலில் வந்தவர் முனியசாமி. கிட்டத்தட்ட ஓடிவந்தார்.

"ஆட்டம் எப்படி?"

"ஆட்டத்த யாருய்யா பாத்தா? பாவாடையத்தேன் பாத்தேன். புள்ள சுத்திச் சுத்தி வந்து சட்டுன்னு நின்னுச்சு. பாவாட ரெண்டே தடவ நடுங்குச்சு, அடங்கிருச்சு. நாலு எடத்துல நின்னுச்சு, நாலு எடத்துலயும் ரெண்டுதேன். எண்ணுனேன்யா!"

மகள் கேம்ப் வரை காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்தார். போகும்போது இரண்டு கைகளையும் இடுப்பருகே விரித்து, லேசாக நடுக்கி, நிறுத்திப் பார்த்துக்கொண்டே போனார்.

பதினொரு நாள் கழித்து ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறினேன். பேத்தி எப்படி ஆடினாள் என்று இங்கே இதுவரை ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். நான்கு இடத்தில் நின்றாள், ஒவ்வொரு முறையும் பாவாடை இரண்டு தடவை நடுங்கி அடங்கியது என்று சொல்கிறேன். சரக்கறையில் இருந்த காலமெல்லாம் இன்னொருவர் எண்ணிச் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. இந்தக் கணக்கை மட்டும் சரிபார்க்கத் தோன்றவில்லை.