எட்டு மணி நேரமுங்க

"நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்ணா?" என்று ஜீவிதா கேட்டாள்.

"எட்டு மணி நேரமுங்க அம்மிணி."

"குடிச்சீங்களா?"

"டீ மட்டுந்தானுங்க."

"புது மாத்திரை ஏதாச்சும்?"

"இல்லீங்க. எல்லாம் சரியா இருக்குதுங்க."

சிவகுருவுடன் முதல் நாள் பேசியது இவ்வளவுதான். அடுத்த பத்து நாளும் அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக இலை உலர்த்தும் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். ஒரு வருடமாக மனச்சோர்வு. இரண்டு வகை மாத்திரைகளும் கேட்கவில்லை. டாக்டர் காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்: தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையின் ஓரிடத்தைத் தூண்டுவது, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். மெஷினை இயக்குவது ஜீவிதாவின் வேலை. டக்டக் சத்தத்துக்குக் காதடைப்பான் கொடுத்தபோது, "எங்க ரோலர் போடற சத்தத்துக்கு இது தாலாட்டுங்க" என்றார். ஆனாலும் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவர் மனைவி ரேணுகா போன் செய்தார். "ரசத்துல உப்பில்லைன்னு வஞ்சாருங்க! ஒரு வருசம் கழிச்சு வாயத் தொறந்து வஞ்சிருக்காருங்க!" ஜீவிதா அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள், சுருள் வைக்கும் இடத்துக்காகத் தலையை அளந்துகொண்டிருக்கும்போதே சிவகுரு குறட்டை விட்டார். எழுப்பினாள். "எட்டு மணி நேரமுங்க" என்றார், கண்ணைத் திறக்காமல்.

உண்மை பிறகு வந்தது. கொழுந்து குவிகிற மாதம். மூன்று நாளாக இரவு ஷிப்ட், பகலில் சிகிச்சை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் எதைக் கேட்டாலும் எல்லாம் சரி என்றால்தான் அன்றைக்கு வேலை உண்டு. அதே பழக்கத்தில் இங்கேயும் சொல்லிவிட்டார்.

ஜீவிதா சுருளைத் திரும்பத் தாங்கியில் மாட்டினாள். "தூங்காம வந்து இதை வெச்சா வலிப்பு வரலாங்ணா. அபூர்வந்தான். அதுக்குத்தான் தினமும் கேக்கறேன்."

"அப்ப நேத்து, முந்தாநேத்து?"

"தப்பிச்சீங்க."

"ரெண்டு பஸ் மாறி வந்தனுங்க. பாதியாச்சும் வெச்சு உடுங்க."

"பாதியெல்லாம் கெடையாதுங்ணா."

டாக்டரும் வந்து அதையே சொன்னார்: இரவு ஷிப்ட் இருக்கிறவரை சிகிச்சை இல்லை. இப்போது நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமா என்று சிவகுரு கேட்டார். ஆகலாம் என்றார் டாக்டர்.

சிவகுரு செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை போய், நின்றார்.

"அம்மிணி, எங்க சூப்பர்வைசருக்கு நீங்களே போன் போட்டு, இவருக்குப் பகல் ஷிப்ட் குடுங்கன்னு சொல்றீங்களா? தமிழ்ல சொன்னா நான் சொல்லிக்குடுத்ததுன்னு நெனைப்பாருங்க. இங்கிலீசுல சொல்லுங்க. கொஞ்சம் அதட்டியே சொல்லுங்க."