இரண்டு இட்லி

மாலை ஆறு மணி பத்து நிமிடம். அந்த நேரத்தில்தான் நான் என் மகனைக் கொன்றேன்.

கத்தியால் அல்ல. லஸ் கடைத்தெருவில் எங்கள் டாக்டரின் அறையில், ஒரு பொய்யால். ரகு அலுவலகத்தில் இருந்தான். அவனுடைய ரத்தப் பரிசோதனைத் தாளோடு நான் மட்டும் போயிருந்தேன்.

"மாமி, டிரைகிளிசரைடு, அதான் ரத்தத்துல கொழுப்பு, எக்கச்சக்கமா இருக்கே! ரத்தம் பால் மாதிரி வெளுத்திருந்ததுன்னு லேப்ல எழுதியிருக்கா. வெறும் வயித்துலதானே குடுத்தான்?"

ஆம். முந்தைய இரவு ஏழரைக்குச் சாப்பிட்டவன். காலையில் காபிகூடக் கொடுக்காமல் அழைத்துப் போனவள் நான்தான்.

"இல்லை டாக்டர்... கிளம்பறச்சே ரெண்டு இட்லி சாப்ட்டுட்டான்."

அவர் சிரித்துவிட்டார். "நன்னா இருக்கு போங்கோ! பன்னெண்டு மணி நேரம் பட்டினி போட்டு மறுபடி எடுங்கோ. அப்பவும் இப்படியே இருந்தா ஸ்வீட், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கூடாது. தினம் நடக்கணும், மாத்திரையும் வேண்டியிருக்கும். இவன் அப்பாவுக்கு ஹார்ட்ல வந்ததை மறந்துடாதீங்கோ."

மறப்பேனா? நாற்பத்திரண்டு வயதில் போனவர் என் கணவர். அதனால்தானே பொய் சொன்னேன்! பத்து நாளில் ரகுவுக்கு நிச்சயதார்த்தம். "பையனுக்கு ஒண்ணும் இல்லையே மாமி?" என்று பெண்ணின் அப்பா இரண்டு முறை கேட்டிருந்தார்.

கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்... அவ்வளவுதான் நினைத்தேன். ரகுவிடம் "எல்லாம் சரியா இருக்குடா" என்றேன். தாளைக் கிழித்துப் போட்டேன்.

கல்யாணம் முடிந்தது. அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? பண்டிகைதோறும் அவன் இலையில் ஜாங்கிரி வைத்தேன். வைக்காவிட்டால் ஏன் என்று மருமகள் வித்யா கேட்பாளே! இப்படியும் ஒரு தாய் உண்டா?

இரண்டு வருடம். ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ராயப்பேட்டையைத் தாண்டுவதற்குள் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது.

எல்லோரும் வந்தார்கள். கடைசியாக, வெளியூரிலிருந்து, வித்யாவின் அப்பா வந்தார். வந்தவர் என் எதிரே தரையில் உட்கார்ந்து கைகூப்பினார்.

"எங்களை மன்னிச்சுடுங்கோ மாமி. வித்யா ஜாதகத்துல தோஷம் இருந்தது. உங்ககிட்ட மறைச்சுட்டோம்... நாங்கதான் உங்க பிள்ளையை..."

கதவருகே வித்யா நின்றிருந்தாள். தலை நிமிரவில்லை.

ரத்தம் கொடுத்த அன்று காலை அவன் இட்லி சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் நிமிர்ந்திருப்பாள்.

நான் சொல்லவில்லை.