குப்புறக் கிடந்த பலகை

பேருந்து நடத்துநராக இருந்தவர் பணி ஓய்வு பெற்றார். அவர் வாய் பெறவில்லை. ரேடியோ செய்தி வாசித்தால் அதற்கும் பதில் சொல்வார். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளறையில் தனக்கு ஒரு மேசை வேண்டும் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு தைக்கலாமே. அவருக்கு மனசு சுருக்கென்றது. பகலெல்லாம் யாரிடம் பேசுவது? ஆனாலும் தச்சர் எதற்கு, நானே அறுக்கிறேன் என்று மார்தட்டிவிட்டார்.

நீல மைக்கா ஒட்டிய பெரிய பலகை. அந்த நிறத்தில் கடையில் இருந்த கடைசிப் பலகை அது. வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலேறி அறுக்கும், சில்லு பெயர்வதெல்லாம் மேல்முகத்தில்தான் என்று கேட்டுவைத்திருந்தார். அதனால் தெர்மோகோல் விரித்து, மைக்கா முகம் கீழே இருக்கும்படி பலகையைக் குப்புறப் போட்டார். நேர்ச்சட்டம் ஒன்றை இறுக்கிப் பிடிக்கவைத்து, அதை ஒட்டியே ரம்பத்தைத் தள்ளினார். பலகை வெண்ணெயாக அறுபட்டது.

அடுத்தது மூலைவெட்டு. உள்ளறைச் சுவரின் வலது மூலையில் ஒரு தூண் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு இடம்விட்டு ஒரு சதுரம் எடுக்க வேண்டும். அவர் வலப்பக்கம் கோடு போட்டார். துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியே பழகியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேலை நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்பதைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். அவள் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சின்ன ரம்பத்தை எடுத்துச் சதுரத்தை அறுத்தார்.

நிமிர்த்திப் போட்டார்கள். மைக்காவில் ஒரு கீறல் இல்லை. வெட்டு மட்டும் இடப்பக்கம் இருந்தது.

பேருந்தே கவிழ்ந்தாலும் பேசக்கூடியவருக்குப் பேச்சு வரவில்லை. நான் உள்ளறைக்குப் போய்விடக் கூடாதென்று வேண்டுமென்றே செய்ததா என்று அவள் கேட்டாள். சத்தியமாக இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் யோசித்தாள். அதே தூண் சுவருக்கு மறுபுறம் ஹாலிலும் துருத்திக்கொண்டிருந்தது, அங்கே இடது மூலையில். கால் பூட்டி அங்கே போட்டதும் மேசை கச்சிதமாகப் பொருந்தியது. அவர் முகம் மலர்ந்தது. ஹாலில்தானே அவருடைய நாற்காலி!

"மேசை இங்கயே இருக்கட்டும்" என்றாள். "நீங்க ரேடியோவை எடுத்துக்கிட்டு உள்ள போங்க. கதவைச் சாத்திக்குங்க."

போனார். கொஞ்ச நேரம்தான் தாங்கினார். உள்ளேயிருந்தே அவளுக்கு போன் போட்டார். தையல் மெஷின் நின்றது.

"அந்த ஓரத்தைப் பாத்தியா?"

"விரலை ஓட்டிப் பாத்தேன். ஒரு பிசிறு இல்ல. தச்சர்கூட இப்படி அறுத்திருக்க மாட்டார். இப்ப போனை வைங்க."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிடும்வரை ரேடியோவிடம்கூட அவர் பேசவில்லை.